கணிப்பொறி கணக்குச் சொன்னது, ஊர் எரிந்தது!

தோழர்களே! ஒரு காட்சியை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள்.

நள்ளிரவு. ஐந்தடுக்கு வீடு. அடித்தளத்திலே தீ. மேல்தளத்திலே குழந்தைகளைக் கட்டிக்கொண்டு தாயொருத்தி கதறுகிறாள். இளைஞன் ஒருவன் தெருமுனைக்கு ஓடி அபாய அறிவிப்புப் பெட்டியை இழுக்கிறான். வண்டி வரவில்லை. நிமிடங்கள் கரைகின்றன, வண்டி வரவில்லை! "நாலு தெரு தள்ளித்தானே தீயணைப்பு நிலையம்? ஏன் வரவில்லை?" என்று கேட்கிறது கூட்டம். "இருந்தது ஐயா, இருந்தது! இப்போது அங்கே பூட்டுத் தொங்குகிறது" என்கிறார் ஒரு முதியவர்.

"பூட்டியது யார்?"

"மேயரைக் கேட்டால் அதிகாரியைக் காட்டுகிறார். அதிகாரியைக் கேட்டால் நிபுணரைக் காட்டுகிறார். நிபுணரைக் கேட்டால் கணிப்பொறியைக் காட்டுகிறார்!"

கணிப்பொறியை யார் கேட்பது? அதற்குக் காது உண்டா? கண்ணீர் உண்டா? அடுத்த தேர்தலைப் பற்றிய அச்சந்தான் உண்டா?

உரையாடல் நம் கற்பனை. ஆனால் பூட்டு கற்பனையல்ல, தீயும் கற்பனையல்ல. உலகத்தின் பணப்பெட்டி என்று பேர் பெற்ற நியூயார்க் மாநகரில், பிராங்க்ஸ் என்னும் வட்டாரத்தில், 1970களில் நடந்த கொடுமை அது. இன்றைக்கு அதை ஏன் எடுத்துப் பேசுகிறோம்? நாடாள்வோரின் மேசை மீது நாளுக்கு நாள் நெருங்கி வந்து அமர்ந்துகொண்டிருக்கிறது கணிப்பொறி. வரி போடலாமா, மானியத்தை வெட்டலாமா, பள்ளியை மூடலாமா, பேருந்தை நிறுத்தலாமா என்று அதனிடம் கேட்டுச் செய்கிற காலம் வந்துவிட்டது. கேட்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்பவர் யார், கேட்கப்படும் கேள்வி என்ன என்பதைப் பாட்டாளித் தோழன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில், இந்த வித்தை என்ன என்று பார்ப்போம்.

நாடகக் குழுவில் ஒத்திகை நடத்துகிறோம் அல்லவா? மேடையில் வசனம் மறந்து தலைகுனிவதைவிடக் கொட்டகைக்குள்ளே தடுமாறித் திருத்திக்கொள்வது நல்லது. அணை கட்டும் பொறியாளரும் அப்படித்தான். நம்முடைய பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிலையத்தில் அணைகளின் சிறு மாதிரிகளைக் கட்டி, தண்ணீரை விட்டு, எங்கே அரிக்கிறது, எங்கே சுழிக்கிறது என்று சோதிப்பார்கள். மாதிரி உடைந்தால் மண்தான் நட்டம். அணை உடைந்தால்?

இதே ஒத்திகையைச் சமுதாயத்துக்கே நடத்திப் பார்ப்பதுதான் கணிப்பொறி வித்தை. ஊரையும் தெருவையும் எண்களாக்கி உள்ளே இடுகிறார்கள். ஆயிரம் மனிதர், பதினாயிரம் மனிதர். இவருக்கு இவ்வளவு வருமானம், இவர் இன்னது நேர்ந்தால் இன்னது செய்வார் என்று விதி எழுதுகிறார்கள். பிறகு, "ஓடு!" என்று கட்டளை இடுகிறார்கள். பத்தாண்டுக் கதை பத்து நிமிடத்தில் ஓடி முடிகிறது. அரிய கருவி! அதைப் பழிக்கும் மடமை நமக்கு இல்லை.

ஆனால் தோழர்களே, ஒத்திகை என்றால் கதாசிரியர் ஒருவர் இருப்பார் அல்லவா? யாருக்குப் பாத்திரம், யாருக்கு வசனம், யாருக்கு மேடையே இல்லை என்று முடிவு செய்பவர் அவர்தானே? அவரைத்தான் நாம் தேடுகிறோம்.

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பின்னாளில், 2005இல், நோபல் பரிசு பெற்றவர், 1971இல் ஒரு கட்டப் பலகையை விரித்தார். இரண்டு வகை நாணயங்களைக் கலந்து பரப்பினார். இரண்டு இனத்து மக்கள் என்று வைத்துக்கொண்டார். எவருக்கும் எவர்மீதும் பகையில்லை. சுற்றியிருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தன்னவராக இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறுவார்கள். இவ்வளவுதான் விதி. நாணயங்களை நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் என்ன ஆயிற்று? பலகை இரண்டாகப் பிரிந்துவிட்டது! இந்த இனம் இங்கே, அந்த இனம் அங்கே. பகையே இல்லாமல் பிரிவினை பிறக்கலாம் என்று காட்டிவிட்டார்.

அறிவுக்கு விருந்துதான். நாமும் சுவைக்கிறோம். ஆனால் அந்தப் பலகையை நம் கிராமத்துத் திண்ணையில் வைத்துப் பாருங்கள். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். "அவரவர் விருப்பத்தால் பிரிந்தார்கள்" என்று சொல்ல முடியுமா? பிரித்தது விருப்பமா, சாதித் தடியா? பலகையில் தடி இல்லை. கிணற்றுச் சுவர் இல்லை. நிலப்பட்டா இல்லை. அமெரிக்காவிலேயே 1930கள் தொடங்கி, கூட்டரசின் வீட்டுக்கடன் அமைப்புகள் கறுப்பர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் ஒதுக்கிவைத்து, அங்கே கடன் எட்டாதபடி செய்தனவே, அந்தச் சிவப்புக் கோடும் பலகையில் இல்லை! சட்டமும் பணமும் பிரிப்பது வேறு கதை என்று ஷெல்லிங்கே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தொடங்கினார். அது அவருடைய நேர்மை. அதை மறந்துவிட்டு, "பலகை சொல்லிவிட்டது, குற்றவாளி எவருமில்லை" என்று கைகழுவுகிறவரிடம்தான் நமக்கு வழக்கு.

பலகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவன் மாணவன். பலகையில் என்ன இல்லை என்று பார்ப்பவன் பகுத்தறிவாளன். இந்தப் பார்வையோடு நியூயார்க்குக்குப் போவோம் வாருங்கள்.

1966இல் மேயரானவர் ஜான் லிண்ட்சே. கெட்டவர் அல்லர், சீர்திருத்த ஆர்வம் கொண்டவர். நகராட்சியில் ஊறிப்போன பழைய சிபாரிசு முறையை ஒழித்து, அறிவின் துணைகொண்டு ஆள வேண்டும் என்று விரும்பியவர். அவர் அழைத்து வந்தது ராண்ட் நிறுவனத்தாரை. யார் இவர்கள்? அமெரிக்க விமானப்படைக்காகத் தோன்றி, அணுகுண்டுப் போரைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள். குண்டுக்குப் போட்ட கணக்கைக் குடியிருப்புக்குப் போடும்படி கேட்டார்கள். 1969இல் நியூயார்க் நகர ராண்ட் நிலையம் எழுந்தது. அவர்கள் கையில் எடுத்த பெரும் பணிகளில் ஒன்று தீயணைப்புத் துறை.

அப்போது நகரத்தில் தீ அழைப்புகள் பல மடங்கு பெருகிக்கொண்டிருந்தன. தீயணைக்கும் தொழிலாளர்கள் ஓய்வொழிச்சலின்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். துறைத் தலைவர் ஜான் ஓ'ஹேகன் கணக்கறிந்தவர், நிபுணர்களோடு கைகோத்தார். நகராட்சியின் பையில் பணம் குறைந்துகொண்டே வந்தது. ஆகவே கேள்வி எப்படிப் பிறந்தது தெரியுமா? "தீயைக் குறைப்பது எப்படி?" என்று பிறக்கவில்லை. "எந்த நிலையத்தை மூடினால் வண்டி வந்து சேரும் நேரம் அதிகம் கெடாது?" என்று பிறந்தது!

கேள்வியைக் கவனியுங்கள் தோழர்களே. கேள்வி பிறந்தபோதே பதில் பாதி பிறந்துவிட்டது.

தீயினால் வரும் நட்டத்தை அளப்பது கடினம். ஆகவே வண்டி வந்து சேரும் நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வட்டாரத்தில் வண்டிகள் எத்தனை என்பதைக் கொண்டு சராசரித் தொலைவைச் சொல்லிவிடும் வர்க்கமூலச் சூத்திரம் ஒன்றையும் கண்டார்கள். சூத்திரம் என்ன சொல்கிறது? நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒன்றை மூடினால் சராசரி நேரம் சிறிதே கூடும். விலகி இருக்கும் இடத்தில் மூடினால் நிறையக் கூடும். கணக்குச் சரி. ஐயமில்லை. நூற்றுக்கு நூறு மதிப்பெண்!

ஆனால் நெருக்கமாக நிலையங்கள் இருந்த இடம் எது? ஏழைகள் அடுக்கடுக்காக நெருங்கி வாழ்ந்த இடம்! பழைய கட்டடம், பழுதான மின்கம்பி, பராமரிக்காத வீட்டுக்காரர், அடிக்கடி தீ. அதனால்தான் அங்கே நிலையங்கள் நெருக்கமாக வைக்கப்பட்டிருந்தன. தீ மிகுதி என்பதற்காக வைத்த வண்டியை, வண்டி மிகுதி என்று சொல்லி எடுத்தார்கள். நோயாளி அதிகம் என்று திறந்த மருத்துவமனையை, மருத்துவமனை அதிகம் என்று மூடுவதுபோல!

இன்னொன்று. சூத்திரம் போட்ட பலகையில், அழைத்தவுடன் வண்டி நிலையத்தில் தயாராக நிற்கிறது. பிராங்க்ஸில் நிற்குமா? ஒரு தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று அழைப்பு வரும் இடமாயிற்றே! முதல் வண்டி வேறெங்கோ. இரண்டாவது வண்டியும் வேறெங்கோ. பக்கத்து வட்டாரத்திலிருந்து வரவேண்டும். இந்தக் குறைகளைப் பின்னர் ஆராய்ந்து எழுதினார்கள் டெபோரா வாலஸ், ராட்ரிக் வாலஸ் இணையர் 1998இல் வெளியிட்ட நூலிலும், ஜோ ஃப்ளட் 2010இல் வெளியிட்ட நூலிலும். செல்வாக்குள்ளவர் குடியிருக்கும் பகுதியில் கைவைக்க அதிகாரிகள் தயங்கினார்கள் என்பதையும் ஃப்ளட் எழுதியிருக்கிறார். பார்த்தீர்களா! பணக்காரர் தெருவுக்கு வந்தால் சூத்திரம் வளைந்து கொடுக்கிறது. ஏழையின் தெருவுக்கு வந்தால் "விஞ்ஞானம் சொல்கிறது" என்று நிமிர்ந்து நிற்கிறது!

1972இல் தொடங்கி, நிலையங்கள் மூடப்பட்டன. வண்டிகள் இடம் மாற்றப்பட்டன. 1975இல் நகரமே கடன் சுமையால் தள்ளாடியபோது வெட்டு மேலும் ஆழமாயிற்று. விளைவு? 1970க்கும் 1980க்கும் இடையே பிராங்க்ஸில் 7 கணக்கெடுப்புப் பகுதிகள் தம் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் இழந்தன; 44 பகுதிகள் பாதிக்கு மேல் இழந்தன. சில எரிந்து வீழ்ந்தன. சில கைவிடப்பட்டு வீழ்ந்தன. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த உழைப்பாளிகளும் கறுப்பின மக்களும் மூட்டை முடிச்சோடு தெருவுக்கு வந்தார்கள். போர் நடக்காத ஊர், போரில் குண்டு விழுந்த ஊர்போலக் கிடந்தது.

நிலையத்தை மூடியதுதான் ஒரே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம், அது நேர்மையாகாது. காப்பீட்டுப் பணத்துக்காகத் தம் கட்டடத்துக்கே தீ வைத்த வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கடன் தர மறுத்த வங்கிகள் இருந்தன. ஆலைகள் மூடி வேலை போயிற்று. ஆனால் தீ வளர்கிறபோது வாளியைப் பிடுங்கியவன், "நெருப்பு வைத்தவன் நானல்லவே" என்று சொல்லித் தப்ப முடியுமா?

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? தீயணைப்பு வண்டிகளை இடம் மாற்றி நிறுத்தும் அந்த ஆராய்ச்சிக்கு அறிஞர் உலகத்தில் லான்செஸ்டர் பரிசு கிடைத்தது! கணக்குக்குக் கிடைத்த பரிசு அது. தகுதியான பரிசாகவே இருக்கலாம். கணக்குக்குள்ளே வராத தாய்க்குக் கிடைத்தது சாம்பல்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் நம்மைக் கேட்கக்கூடும்: "பகுத்தறிவு பேசும் நீங்களே கணிப்பொறியைக் குறை சொல்லலாமா?" என்று.

சொல்கிறோம் பதிலை. பஞ்சாங்கத்தை நாம் ஏன் எதிர்த்தோம்? அது பனையோலையில் எழுதியிருந்தது என்பதற்காகவா? இல்லை. "ஏன்?" என்று கேட்டால், "கேட்காதே, எழுதியிருக்கிறது" என்று பதில் வந்ததே, அதற்காக! இன்று அதே பதில் மின்திரையிலிருந்து வந்தால் மட்டும் இனிக்குமா? ஓலையை எறிந்துவிட்டுத் திரைக்குத் தோப்புக்கரணம் போடுவதா பகுத்தறிவு? விஞ்ஞானம் என்பது கேள்விக்கு அஞ்சாதது. கேள்விக்கு அஞ்சும் கணக்கு, விஞ்ஞான உடை உடுத்திய சோதிடம்.

அந்த நகரத்து மக்களே நமக்கொரு பாடம் தந்திருக்கிறார்கள். பிராங்க்ஸுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அப்பால், புரூக்ளின் வட்டாரம். அங்கே வில்லியம்ஸ்பர்க் பகுதியில் உழைப்பாளிகள் வாழும் தெருவில் 212ஆம் எண் வண்டியின் நிலையம் இருந்தது. 1975 நவம்பரில் சிக்கனத்தின் பேரால் அதை மூட ஆணை வந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? மனுக் கொடுத்துவிட்டு மூலையில் உட்காரவில்லை. நிலையத்துக்குள்ளே புகுந்தார்கள், குடும்பங்களாக முறைவைத்துத் தங்கினார்கள், வண்டியை வெளியே போகவிடவில்லை! "மக்களின் தீயணைப்பு நிலையம்" என்று பெயரே சூட்டிவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் போராட்டம். 1977இல் நகராட்சி இறங்கி வந்தது. நிலையம் மீண்டும் திறந்தது. 2003இல் மறுபடி மூடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். உரிமை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகையல்ல. நாள்தோறும் காவல் காக்கும் வயல்.

கணக்கு மக்கள் பக்கம் நின்ற கதை கிடையாதா? அதற்கும் ஒரு முயற்சி நடந்தது. 1970இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் சோசலிஸ்டுத் தலைவர் சால்வடோர் அயெந்தே தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தார். நாட்டுடைமையான ஆலைகளை இணைத்து நடத்த, 1971இல் ஸ்டாஃபோர்டு பீர் என்ற ஆங்கில அறிஞரை அழைத்தார்கள். ஆலைகளைத் தந்தி அச்சுப் பொறிகளால் இணைத்து, செய்தியைத் தலைநகரில் கணிப்பொறியில் இட்டு, பொருளாதாரத்தின் போக்கை ஒத்திகை பார்க்கும் திட்டம் அது. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வண்டிகளை நிறுத்தி நாட்டைப் பட்டினி போட முனைந்தபோது, அந்தத் தந்தி இணைப்பைக் கொண்டுதான் கிடைத்த லாரிகளைத் திருப்பிவிட்டுச் சமாளித்தது அரசு.

பீர் தம் திட்டத்தைப் படம் போட்டுப் படிப்படியாக விளக்கினாராம். உச்சிப் படியைத் தொட்டதும், "இந்த இடத்தில் அமர்வது தாங்கள்தான்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அயெந்தே முந்திக்கொண்டு, அது மக்கள் என்று சொல்லிவிட்டார்! பீர் தாமே சொன்ன செய்தி இது.

உச்சியில் மக்கள்! உயர்ந்த நோக்கம். ஆனால் அங்கேயும் குறை நேர்ந்தது. ஆலையின் மாதிரியைத் தொழிலாளரைக் கொண்டே வரைய வேண்டும் என்பது பீரின் விருப்பம். வரைந்த பொறியாளர்களோ பெரும்பாலும் நிருவாகிகளைக் கேட்டே வரைந்தார்கள் என்று அந்த வரலாற்றை ஆராய்ந்த ஈடன் மெதினா எழுதுகிறார். நல்லவர் ஆட்சியிலும் தொழிலாளியைக் கேட்க மறந்துவிடும் பழக்கம் அவ்வளவு ஆழமானது! 1973 செப்டம்பர் 11இல் இராணுவம் அந்த ஆட்சியைக் கவிழ்த்தது, திட்டமும் மடிந்தது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கழகத் தோழனே, இது உன்னைப் பற்றியது.

1960இல் அமெரிக்கத் தேர்தலில் கென்னடியின் தரப்புக்காக, சிமுல்மேட்டிக்ஸ் என்ற நிறுவனம் பழைய கருத்துக் கணிப்புகளைத் திரட்டி, வாக்காளர்களை 480 வகையாகப் பிரித்துக் கணிப்பொறியில் ஓட்டியது. ஒரு நாட்டு மக்கள் 480 பெட்டிக்குள் அடக்கம்! அந்த நிறுவனம் 1970இல் திவாலாயிற்று, எண்ணம் திவாலாகவில்லை. 2024இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 1,052 பேரைத் தலைக்கு இரண்டு மணி நேரம் பேட்டி கண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கணிப்பொறி நிழலை உருவாக்கியது. அந்த மனிதரே இரண்டு வாரம் கழித்துத் தம் பதிலை எவ்வளவு பிசகாமல் திரும்பச் சொன்னாரோ, அந்த அளவில் 85 விழுக்காடு நிழலும் சொன்னதாம்.

வியப்புத்தான்! ஆனால் ஆசையையும் கவனியுங்கள். நிழல் தேநீர் கேட்காது. நிழல் கொடி பிடிக்காது. நிழல், "போன தேர்தலில் சொன்ன குடிநீர்க் குழாய் எங்கே?" என்று சட்டையைப் பிடிக்காது. ஆள்வோருக்கு இதைவிட வசதியான குடிமகன் உண்டா? தெருத்தெருவாய் நடந்து, திட்டு வாங்கி, குறை கேட்டு வரும் கிளைச் செயலாளருக்குப் பதிலாக, குளிர் அறையில் நிழலைக் கேட்டால் போதும் என்று ஒரு தலைவர் நினைக்கத் தொடங்கும் நாள் எந்தக் கட்சிக்கு வந்தாலும், அன்று அந்தக் கட்சிக்கும் மக்களுக்கும் நடுவே பூட்டு விழுந்துவிட்டது என்று பொருள். நம் கட்சிக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

ஆகவே கணிப்பொறியை உடைக்கச் சொல்லவில்லை. நான்கு கேள்வி கேட்கச் சொல்கிறோம்.

கணக்கைக் காட்டு. எந்த எண்ணை இட்டாய், எந்த விதியை எழுதினாய், எதை விட்டுவிட்டாய்? எங்களுக்குப் புரியும் தமிழில் வை.

இந்தத் தெருவில் வாழ்கிறவனைக் கேட்டாயா? முடிவு எடுத்த பிறகு அல்ல. கேள்வி எழுதுவதற்கு முன்பே கேட்டாயா?

கையெழுத்துப் போட்டது யார்? பொறி அல்ல, பேரும் பதவியும் உள்ள ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும். மக்கள் வாக்கால் இறக்கக்கூடிய மனிதராக இருக்க வேண்டும்.

தவறினால் திருத்துவாயா? ஒத்திகை சொன்னது ஒன்று, ஊரில் நடந்தது வேறு என்றால், ஊரைப் பழிக்காமல் ஒத்திகையைத் திருத்துவாயா?

இந்த நான்குக்கும் விடை சொல்லும் கணக்கை இரு கை நீட்டி வரவேற்போம். மழை எங்கே பெய்யும், வெள்ளம் எந்தத் தெருவில் ஏறும், எந்தக் குழந்தைக்குப் பள்ளி தொலைவு என்று காட்டட்டும், கொண்டாடுவோம். விடை சொல்ல மறுத்தால், நாம் சொல்லும் பதில் ஒன்றுதான்:

எங்களை எண்ணலாம், எங்களுக்குப் பதிலாக எண்ணக் கூடாது!